எவராலும் கருவியாக்க முடியாத மனிதர்: போர்க் காலத்துச் சிந்தனையாளர் சுவாங்ட்சு

தாவோ தத்துவம் என்றதும் பலருக்கு நினைவில் வருவது மூடுபனி சூழ்ந்த மலை, ஓசையின்றி ஓடும் ஆறு, தாடி வைத்த ஒரு முதியவர். சமூக வலைத்தளங்களில் காலை வணக்கத்தோடு பகிரப்படும் அமைதி வாசகங்களுக்குக் கீழே லாவோட்சு, சுவாங்ட்சு என்ற இரண்டு பெயர்களை அடிக்கடி காணலாம். அவர்களில் இரண்டாமவர் வாழ்ந்த காலத்துக்கு வரலாற்றாசிரியர்கள் வைத்திருக்கும் பெயர், போரிடும் நாடுகளின் காலம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் தொடங்கி கி.மு. 221 வரை அது நீடித்தது. ஏழு பெரிய நாடுகளும் அவற்றுக்கிடையே அகப்பட்ட சிறிய நாடுகளும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த அந்த நூற்றாண்டுகளின் நடுவேதான் சுவாங்ட்சு பிறந்தார், வாழ்ந்தார், முதுமையடைந்தார்.

அந்தப் பின்னணியை மறந்து அவருடைய நூலைப் படித்தால், அது வண்ணத்துப்பூச்சிகளும் மீன்களும் நிறைந்த விளையாட்டுத்தனமான புத்தகமாகத் தோன்றும். பின்னணியோடு படித்தால் வேறு பாத்திரங்கள் கண்ணில் படுவார்கள். தண்டனையாகப் பாதம் வெட்டப்பட்டவர்கள், படைக்கு ஆள் பிடிக்கும்போது தப்பிக்கொள்ளும் ஒரு கூனர், தெருவோரத்தில் கிடக்கும் மண்டையோட்டோடு பேசும் வழிப்போக்கர், தானியக் கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பும் ஓர் ஏழை. போரைக் கடந்து வந்தவர்களுக்கு இவர்களை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் இல்லை.

அரசுகள் மனிதர்களை எண்ணிக்கையாகவும் பயன்பாடாகவும் பார்க்கப் பழகிய காலத்தில், அந்த அளவுகோலையே ஏற்க மறுத்த ஒருவரின் வாழ்க்கை இது.

படைகள் கடந்து போன நாடு

சுவாங்ட்சுவின் சொந்த நாடு சோங். இன்றைய சீனாவின் ஹெனான் மாகாணத்துக் கிழக்குப் பகுதியில், திறந்த சமவெளியில் அது அமைந்திருந்தது. அரண் என்று சொல்ல மலையும் இல்லை, கடலும் இல்லை. தன்னைவிடப் பலமடங்கு பெரிய நாடுகளுக்கு நடுவே அகப்பட்டிருந்தது.

கி.மு. 595 இல் தெற்கிலிருந்து வந்த சூ நாட்டுப் படை சோங்கின் தலைநகரை முற்றுகையிட்டது. அடுத்த ஆண்டு வரை நீண்ட அந்த முற்றுகையில், பசி தாங்காத மக்கள் தம் பிள்ளைகளை அடுத்தவரின் பிள்ளைகளோடு மாற்றிக்கொண்டு உண்டதாகவும் எலும்புகளை விறகாக எரித்ததாகவும் பழைய சீன வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. அதே நகரத்தில் கி.மு. 546 இல் ஒரு சமாதான மாநாடு நடந்தது. அதற்கு முயற்சி எடுத்தவர் சோங் நாட்டு அமைச்சர் ஒருவர். பெரிய நாடுகள் போரை நிறுத்துவதாகச் சத்தியம் செய்து உடன்படிக்கை எழுதின. அந்த உடன்படிக்கை நிலைக்கவில்லை.

சுவாங்ட்சு பிறந்தது இதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்குப் பின்னர். கி.மு. 369 முதல் 286 வரை என்பது அவருக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காலக்கணக்கு. அதற்குள் போரின் முகமே மாறியிருந்தது. முன்னர் பிரபுக்கள் தேரேறிச் சண்டையிட்டார்கள். இப்போது விவசாயிகளைப் பல்லாயிரக்கணக்கில் திரட்டிக் காலாட்படையாக அனுப்பினார்கள். இதற்கு ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்ற பதிவு அரசுக்குத் தேவைப்பட்டது. மேற்கே சின் நாட்டில் கி.மு. 356 முதல் ஷாங் யாங் என்ற அமைச்சர் கொண்டுவந்த சீர்திருத்தங்கள் இந்த முறையின் உச்சம். குடும்பங்கள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டன. ஒருவர் செய்த குற்றத்தை மறைத்தால் குழுவே தண்டனை அனுபவித்தது. களத்தில் வெட்டிக் கொண்டுவரும் எதிரித் தலைக்கு ஏற்பப் பதவி உயர்வு கிடைத்தது.

சோங்கின் மேற்கு அயலான வெய் நாடு கி.மு. 341 அளவில் மாலிங் என்ற இடத்தில் சீ நாட்டிடம் பெருந்தோல்வி கண்டது. தளபதி மாண்டார், முடிக்குரிய இளவரசர் சிறைப்பட்டார். சுவாங்ட்சுவின் நெருங்கிய நண்பர் பிற்பாடு அமைச்சராக இருந்தது இந்த நாட்டில்தான்.

தோட்டத்து உத்தியோகத்தர்

சுவாங்ட்சு என்பது மரியாதைப் பெயர். ஆசான் சுவாங் என்று அதற்குப் பொருள். அவரது இயற்பெயர் சுவாங் சோவ். ஊர் மெங். அவர் இறந்து ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பின்னர் சீமா சியென் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய சிறு குறிப்புத்தான் அவரைப் பற்றிய ஒரே பழைய வாழ்க்கை வரலாறு. மெங் ஊரவர், அரக்குத் தோட்டத்தில் சிறிய உத்தியோகம் பார்த்தவர், பெரும் படிப்பாளி, ஒரு நூலை எழுதியவர், ஒரு மன்னரின் அழைப்பை மறுத்தவர் என்பவையே அதிலுள்ள முக்கிய செய்திகள். மற்றக் கதைகள் எல்லாம் அவர் பெயரால் வழங்கும் நூலில் இருந்து வருபவை. அவற்றில் சிலவற்றை அவர் எழுதினார், பலவற்றை மாணவர்கள் எழுதினார்கள். நடந்தது எது, கதை எது என்று பிரிப்பதில் அந்த நூலுக்கே அக்கறை இல்லை.

அரக்குத் தோட்டம் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். றப்பர் மரத்தைப் போலவே பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் ஒரு மரம் சீனாவில் உண்டு. அந்தப் பாலை மரப் பாத்திரங்கள், பெட்டிகள், கேடயங்கள் மீது படைபடையாகப் பூசினால், அது காய்ந்து இறுகித் தண்ணீர் புகாத மினுக்கம் தரும். அக்காலத்தில் அது விலைமதிப்புள்ள பொருள். அப்படிப்பட்ட தோட்டத்தில் கணக்கு வழக்கைப் பார்த்த ஒருவர் தினமும் கண்டிருக்கக்கூடிய காட்சி, உடம்பெல்லாம் வெட்டுக்காயங்களோடு நிற்கும் மரங்கள்.

இந்தக் காட்சி அவரது நூலில் நேரடியாகவே வருகிறது. கறுவா மரத்தை உண்ணலாம் என்பதால் அதை வெட்டுகிறார்கள், அரக்கு மரம் பயன்படும் என்பதால் அதைக் கீறுகிறார்கள் என்று ஓரிடத்தில் சொல்லப்படுகிறது. பயனுள்ளதன் பயனை எல்லோரும் அறிவர், பயனற்றதன் பயனை யாரும் அறியார் என்பது அதையொட்டி வரும் கருத்து. சுவாங்ட்சுவின் சிந்தனைக்குள் நுழைய இதைவிட நல்ல வாசல் இல்லை.

வண்டித் தடத்தில் ஒரு மீன்

அவர் ஏழையாகவே வாழ்ந்தார். ஒரு முறை வீட்டில் தானியம் தீர்ந்துபோக, ஆற்றுப் பகுதியை நிர்வகித்த பிரபு ஒருவரிடம் கடன் கேட்கப் போனார். பிரபு மறுக்கவில்லை. தன் நிலங்களில் இருந்து வரிப்பணம் வந்து சேரட்டும், 300 பொற்காசு தருகிறேன் என்று தாராளமாகச் சொன்னார்.

சுவாங்ட்சுவுக்குக் கோபம் முகத்தில் ஏறியது. வரும் வழியில் கண்டதாக ஒரு கதையைச் சொன்னார். வண்டிச் சில்லு பதிந்த தடத்தில் தேங்கிய தண்ணீர் வற்ற, அதில் ஒரு மீன் துடித்துக்கொண்டிருந்ததாம். ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தன்னைக் காப்பாற்றும்படி அது கேட்டதாம். தெற்கே போய் அங்குள்ள மன்னர்களோடு பேசி மேற்கு ஆற்றையே திருப்பி அனுப்பச் சொல்கிறேன், அதுவரை பொறுத்திரு என்று இவர் வாக்குக் கொடுத்தாராம். அப்படியானால் என்னைப் பிறகு கருவாட்டுக் கடையில் தேடிப் பாருங்கள் என்று மீன் சொன்னதாம்.

நிவாரணம் வரும், நட்டஈடு வரும், அறிக்கை வரும் என்று காத்திருந்து பழகியவர்களுக்கு இந்தக் கதை விளக்கம் தேவைப்படாதது. சுவாங்ட்சுவை உலகைப் பற்றிக் கவலைப்படாத ஞானியாகச் சித்திரிப்பவர்கள் இந்தக் கோபத்தைக் கவனிப்பதில்லை. பட்டினி என்பது நிலையாமை பற்றிய சிந்தனைக்கு உரிய பொருளாக அவருக்குத் தோன்றவில்லை. ஒரு வாளித் தண்ணீர் இன்றே வேண்டும்.

இன்னொரு முறை ஒட்டுப் போட்ட முரட்டுத் துணியும் கயிற்றால் கட்டிய சப்பாத்துமாக வெய் மன்னர் முன்னால் போய் நின்றார். இவ்வளவு நொந்துபோயிருக்கிறீர்களே என்று மன்னர் பரிதாபப்பட்டார். இது வறுமை, நோவு அல்ல என்று சுவாங்ட்சு திருத்தினார். உயர்ந்த மரங்களில் தாவும் குரங்கை முட்பற்றைக்குள் விட்டால் அது நடுங்கி ஒடுங்கியே நகரும், அதன் எலும்பிலோ தசையிலோ குறை வந்துவிடவில்லை, இருக்கும் இடம்தான் அதை முடக்குகிறது என்றார். மூட ஆட்சியாளரும் குழப்பம் செய்யும் அமைச்சர்களும் உள்ள காலத்தில் நோகாமல் இருப்பது எப்படி என்று கேட்டும் வைத்தார். அந்தக் கேள்வியை ஒரு மன்னரின் முகத்துக்கு நேரே கேட்டார் என்பதுதான் கதையின் சாரம்.

ஆமையும் பலி எருதும்

கி.மு. 339 முதல் 329 வரை சூ நாட்டை ஆண்ட மன்னர், சுவாங்ட்சுவைத் தலைமை அமைச்சராக்க விரும்பினார் என்பது அவருடைய வாழ்வில் மிகப் பிரபலமான கதை. அக்காலத்தில் இது புதுமையல்ல. படித்தவர்கள் நாடு நாடாகப் போய் மன்னர்களுக்கு ஆலோசனை சொல்லிப் பதவி பெற்றார்கள். அவர்கள் விற்றது பெரும்பாலும் போரில் வெல்லும் வழி.

நூலில் உள்ள கதைப்படி, இரண்டு அதிகாரிகள் அழைப்போடு வந்தபோது அவர் பூ ஆற்றங்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். தூண்டிலை விடாமல், தலையைத் திருப்பாமல் கேட்டார். சூ நாட்டில் இறந்து 3,000 ஆண்டுகளான புனித ஆமையொன்றின் ஓட்டை மன்னர் துணியில் சுற்றிப் பேழையில் வைத்துக் கோயிலில் பாதுகாக்கிறாராமே, அந்த ஆமைக்கு எது விருப்பமாக இருந்திருக்கும், செத்து ஓடாகி மதிக்கப்படுவதா, உயிரோடு சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு திரிவதா? சேற்றில் திரிவதுதான் என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டார்கள். அப்படியானால் போய்வாருங்கள், நானும் சேற்றில் வாலை இழுத்துக்கொண்டு திரிகிறேன் என்றார்.

சீமா சியென் எழுதியதில் ஆமைக்குப் பதிலாக எருது வருகிறது. பலிக்கென்று பல ஆண்டுகள் ஊட்டி வளர்த்து, பட்டு போர்த்திக் கோயிலுக்குள் கொண்டுபோகும்போது, ஒரு பன்றிக்குட்டியாக இருந்திருக்கலாமே என்று அந்த எருது நினைத்தாலும் பயனில்லை.

பதவிக்காகப் போனவர்களை அவர் எவ்வளவு எள்ளலோடு பார்த்தார் என்பதற்கு இன்னொரு கதை. சோங் நாட்டவர் ஒருவர் சின் மன்னரிடம் தூது போய் 100 தேர்களைப் பரிசாகப் பெற்று வந்தார். ஒடுங்கிய ஒழுங்கையில் செருப்புப் பின்னிப் பிழைத்த சுவாங்ட்சுவிடம் வந்து பெருமையடித்தார். சின் மன்னரின் கட்டியை உடைப்பவருக்கு ஒரு தேர், மூலவியாதியை நக்கிக் குணமாக்குபவருக்கு ஐந்து தேர் என்று கேள்விப்பட்டேன், உங்களுக்கு நூறு கிடைத்திருக்கிறதே என்று சுவாங்ட்சு விசாரித்தார்.

எலும்புகளுக்கிடையே உள்ள வெளி

இப்படி விலகி நின்றவர் எதை நோக்கி நின்றார்? தாவோ என்ற சொல்லுக்கு வழி, பாதை என்று பொருள். கன்பூசியஸ் வழிவந்தவர்களுக்கு அது மனிதர் நடக்க வேண்டிய ஒழுக்க வழி. லாவோட்சுவின் பெயரால் வழங்கும் நூலிலும் சுவாங்ட்சுவிலும் அது பிரபஞ்சம் தானாக இயங்கும் வழி. பருவங்கள் மாறுவதும் உயிர்கள் தோன்றி மறைவதும் யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் நடக்கின்றன. அந்த இயக்கத்தை வலிந்து திருப்ப முயலாமல் அதற்கு இசைய நடப்பதை வூ வெய் என்றார்கள். சும்மா இருத்தல் என்று அதை மொழிபெயர்த்தால் பொருள் பாதிதான் வரும். வற்புறுத்தாமல் செய்தல் என்பது இன்னும் நெருக்கம்.

இதற்கு சுவாங்ட்சு காட்டும் ஞானி துறவியல்ல, இறைச்சி வெட்டும் ஒரு சமையற்காரர். சாதாரண ஆட்கள் மாதம் ஒரு கத்தியைத் தேய்க்கிறார்கள். கெட்டிக்காரர் ஆண்டுக்கு ஒரு கத்தி மாற்றுகிறார். இவரோ ஒரே கத்தியால் 19 ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான எருதுகளை வெட்டியிருக்கிறார், கத்தி இன்னும் புதிதாகத் தீட்டியது போலிருக்கிறது. மூட்டுகளுக்கு இடையில் வெளி இருக்கிறது, கத்தியின் கூருக்குத் தடிப்பே இல்லை, ஆகவே அது தாராளமாகப் போய்வரும் என்று அவர் விளக்குகிறார். சிக்கலான முடிச்சு வரும் இடத்தில் மட்டும் நின்று, கவனித்து, மெதுவாக நகர்கிறார். எலும்போடு மோதாமல் இடைவெளியைக் கண்டு நகர்வது, கடினமான காலத்தில் தேய்ந்துபோகாமல் உயிர்வாழும் கலை.

சரி, பிழை குறித்த தர்க்கங்களிலும் அவருக்கு இதே பார்வை. நீங்களும் நானும் வாதிட்டு நீங்கள் வென்றால் நீங்கள் சொன்னது உண்மையாகிவிடுமா, தீர்க்க மூன்றாவது ஆளைக் கூப்பிட்டால் அவரும் எங்காவது ஒரு பக்கம் நிற்பவர்தானே என்று கேட்டார். ஒவ்வொரு நாடும் தன் பக்கமே நியாயம் என்று சொல்லிப் படை அனுப்பிய காலத்தில் எழுப்பப்பட்ட கேள்வி இது. தான் வண்ணத்துப்பூச்சியாகக் கனவு கண்ட சுவாங் சோவ்வா, சுவாங் சோவ்வாகக் கனவு காணும் வண்ணத்துப்பூச்சியா என்ற புகழ்பெற்ற குழப்பமும் இந்த வாதங்கள் உள்ள அதே அத்தியாயத்தின் முடிவில்தான் வருகிறது.

பாதம் இழந்தவர்களின் இடம்

சமையற்காரர் கதை முடிந்த உடனேயே ஒற்றைப் பாதத்தோடு ஓர் அதிகாரி நூலுக்குள் வருகிறார். இது தற்செயலாக இருக்க முடியாது. பாதத்தை வெட்டுவது அக்காலத்தில் சட்டப்படியான தண்டனை. அப்படிப்பட்டவர்களை நல்லவர்கள் வட்டத்தில் சேர்ப்பதில்லை. உடலில் குறையோடு இருப்பதே குற்றத்தின் அடையாளம் எனக் கருதப்பட்டது. பெற்றோர் தந்த உடலைச் சிதையாமல் காப்பது பிள்ளையின் கடமை என்ற நம்பிக்கை அந்த அவமானத்தை இரட்டிப்பாக்கியது.

சுவாங்ட்சுவின் நூலில் இதே மனிதர்கள் ஆசான்களாக அமர்ந்திருக்கிறார்கள். வாங் தாய் என்ற பாதமிழந்தவருக்கு லூ நாட்டில் கன்பூசியசுக்கு இணையாக மாணவர்கள் இருக்கிறார்கள். பாதத்தின் முன்பகுதியை இழந்த இன்னொருவர் குதிகாலால் நடந்து கன்பூசியசிடம் வருகிறார். முன்பே கவனமாக இருந்திருக்கலாமே, இப்போது வந்து என்ன பயன் என்று கன்பூசியஸ் கடிந்துகொள்கிறார். பாதத்தைவிடப் பெறுமதியான ஒன்று என்னிடம் மிஞ்சியிருக்கிறது, அதைக் காக்கவே வந்தேன் என்று வந்தவர் பதில் சொல்ல, கன்பூசியஸ் வெட்கப்படுகிறார்.

மிக ஆழமான கதை ஷென்து சியாவுடையது. பாதமிழந்த இவரும் செங் நாட்டின் புகழ்பெற்ற அமைச்சர் சிசானும் ஒரே ஆசானிடம் படிக்கிறார்கள். இவரோடு சேர்ந்து வெளியே நடக்க அமைச்சருக்குக் கூச்சம். நான் போகும்போது நீ இரு, நீ போகும்போது நான் இருக்கிறேன் என்று ஏற்பாடு செய்யப் பார்க்கிறார். அமைச்சரைக் கண்டும் ஒதுங்காத உனக்கு என்ன துணிச்சல் என்றும் கேட்கிறார்.

ஷென்து சியாவின் பதில் அமைதியாகத் தொடங்குகிறது. நாம் எல்லோரும் குறிதவறாத வில்லாளி ஒருவனின் அம்பு பாயும் வட்டத்துக்குள்தான் நடமாடுகிறோம், நடுவில் நிற்பவர்மேல் அம்பு பட்டே தீரும், படாதது விதி என்கிறார். முழுப் பாதங்களோடு இருப்பவர்கள் தன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது கோபம் பொங்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் ஆசானின் வாசலுக்கு வந்ததும் அது தணிந்துவிடும். 19 ஆண்டுகள் அவரோடு இருந்தேன், நான் பாதமில்லாதவன் என்பதை அவர் ஒருநாளும் உணர்ந்ததில்லை என்கிறார். அமைச்சர் முகம் மாறி, இனி இதைப் பேச வேண்டாம் என்கிறார்.

தப்பியவர் திறமையால் தப்பவில்லை, அடிபட்டவர் பிழையால் அடிபடவில்லை. ஷெல் விழுந்த இடத்தில் இருந்து எழுந்து வந்தவர்கள் எவருக்கும் இது தெரியும். அதை 2,300 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார்.

பிறப்பிலேயே உடல் வளைந்த ஷு என்ற மனிதரின் கதை இதற்கு மறுபக்கம். நாடி தொப்புளைத் தொட, தோள்கள் தலைக்கு மேலே எழ, தைத்தும் துவைத்தும் தன் வயிற்றைக் கழுவுகிறார். தானியம் புடைத்துப் பத்துப் பேரின் சாப்பாட்டுக்குச் சம்பாதிக்கிறார். படைக்கு ஆள் பிடிக்க வரும்போது எல்லோரும் ஒளிய, இவர் கைகளை வீசிக்கொண்டு கூட்டத்துக்கு நடுவே நடக்கிறார். கட்டாய வேலைக்கும் இவரை எடுப்பதில்லை. நோயாளர்களுக்குத் தானியம் கொடுக்கும்போது மட்டும் மூன்று அளவு தானியமும் பத்துக் கட்டு விறகும் இவருக்குக் கிடைக்கின்றன. அரசுப் பதிவில் பயனற்றவர் என்று குறிக்கப்பட்டவர்தான் தன் ஆயுளை முழுதாக வாழ்கிறார்.

ஆனால் பயனற்றிருப்பது எப்போதும் காப்பாற்றும் என்றும் அவர் சொல்லவில்லை. மாணவர்களோடு மலை வழியே போனபோது, உதவாத மரம் என்று வெட்டாமல் விடப்பட்ட ஒன்றைக் கண்டார்கள். அன்றிரவு தங்கிய வீட்டில் விருந்துக்குக் கொல்லப்பட்டது கத்தத் தெரியாத வாத்து. மரம் பயனின்மையால் பிழைத்தது, வாத்து பயனின்மையால் செத்தது, நீங்கள் எந்தப் பக்கம் என்று மாணவர்கள் கேட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் என்று சிரித்துக்கொண்டே தொடங்கி, அந்த நடுவிலும் முழுப் பாதுகாப்பு இல்லை என்று ஒப்புக்கொண்டார். காலத்தோடு மாறி, எதையும் பிடித்துத் தொங்காமல் தாவோவோடு நகர்வதே மிச்சமிருக்கும் வழி என்றார்.

நத்தையின் இரண்டு கொம்புகள்

அவருடைய உற்ற நண்பர் ஹுய் ஷி. தர்க்கத்தில் வல்லவர், வெய் நாட்டின் அமைச்சர். இருவரும் சந்தித்தாலே வாதம்தான். பாலத்தில் நின்று மீன்களின் மகிழ்ச்சி பற்றிப் பேசினாலும், மீன் அல்லாத உனக்கு அது எப்படித் தெரியும் என்று ஹுய் ஷி மடக்குவார். ஒரு முறை சுவாங்ட்சு தன் பதவியைப் பறிக்க வருகிறார் என்ற வதந்தியை நம்பி, தலைநகரில் மூன்று நாள் இரவு பகலாகத் தேடுதல் நடத்தினார். சுவாங்ட்சு தானாகவே வந்து, அழுகிய எலியைப் பிடித்துவைத்திருக்கும் ஆந்தை, மேலே பறக்கும் தெய்வப் பறவையைப் பார்த்து வெருட்டிய கதையைச் சொன்னார்.

அப்படிப்பட்ட ஹுய் ஷி சமாதானத்துக்காக வாதாடியவர் என்பதையும் சொல்ல வேண்டும். சீ, சூ ஆகிய நாடுகளோடு இணங்கி ஆயுதங்களை ஓய வைக்க வேண்டும் என்பது அவரது அரசியல். கி.மு. 322 அளவில் சின் நாட்டுக்கு ஆதரவான சாங் யி அவரைத் தோற்கடித்துப் பதவியில் இருந்து அகற்றினார்.

சுவாங்ட்சுவின் நூலில் போரைப் பற்றிய மிக வெளிப்படையான கதையிலும் ஹுய் ஷி வருகிறார். உடன்படிக்கையை மீறிய சீ மன்னரைக் கொல்ல வெய் மன்னர் ஆளனுப்ப நினைக்கிறார். தளபதி 200,000 படையினரைக் கேட்கிறார். அப்போது ஹுய் ஷி ஒரு ஞானியை அழைத்து வருகிறார். அவர் மன்னரிடம் ஒரு நத்தையைப் பற்றிச் சொல்கிறார். அதன் இடது கொம்பில் ஒரு நாடு, வலது கொம்பில் ஒரு நாடு. நிலத்துக்காக இரண்டும் போரிட்டுப் பல்லாயிரம் பேர் சாகிறார்கள். வென்றவர்கள் தோற்று ஓடியவர்களைப் பதினைந்து நாட்கள் துரத்துகிறார்கள். வெறும் கதை என்கிறார் மன்னர். எல்லையில்லா வெளியில் உங்கள் நாடு, அதில் உங்கள் தலைநகரம், அதில் நீங்கள், அந்தக் கொம்பு மன்னனுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று ஞானி கேட்கிறார். அவர் போன பிறகு மன்னர் எதையோ தொலைத்தவர் போல உட்கார்ந்திருக்கிறார்.

மண்டையோடும் மூன்று மரணங்களும்

சூ நாட்டுக்குப் போகும் வழியில் சுவாங்ட்சு ஒரு மண்டையோட்டைக் காண்கிறார். குதிரைச் சாட்டையால் தட்டி அதை விசாரிக்கிறார். அளவுமீறி வாழ ஆசைப்பட்டு இப்படி ஆனாயா? நாடு அழிந்து கோடரிக்கு இரையானாயா? குடும்பத்துக்கு இழிவு தந்து செத்தாயா? பசியாலும் குளிராலும் இறந்தாயா? வயது முடிந்து போனாயா? அக்காலத்தில் மனிதர் சாகக்கூடிய வழிகளின் பட்டியல் இது. இயற்கை மரணம் கடைசியில்தான் வருகிறது. பெயரில்லாத அந்த எலும்பைத் தலையணையாக்கி அவர் உறங்குகிறார். கனவில் அது பேசுகிறது. உடலும் உறவும் ஊரும் திரும்பக் கிடைத்தாலும் உயிரோடு இருப்பதன் சுமைக்கு மீள விருப்பமில்லை என்று சொல்கிறது.

முதல் மரணம் அவருடைய மனைவியுடையது. துக்கம் விசாரிக்க ஹுய் ஷி வந்தபோது, சுவாங்ட்சு கால்களை விரித்து உட்கார்ந்து ஒரு பாத்திரத்தைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார். உன்னோடு வாழ்ந்து, பிள்ளைகளை வளர்த்து, முதுமையடைந்தவள் இறந்திருக்கிறாள், அழாமல் இருப்பதே போதும், பாட்டு வேறா என்று நண்பர் கேட்டார். அவள் இறந்த கணத்தில் நான் மட்டும் எப்படிக் கலங்காமல் இருப்பேன் என்பதே சுவாங்ட்சுவின் முதல் பதில். பிறகுதான், உருவமும் உயிரும் இல்லாத நிலையில் இருந்து வந்து, உருவாகி, வாழ்ந்து, திரும்பிப் போயிருக்கிறாள், நான்கு பருவங்கள் மாறுவதைப் போல, என்று எண்ணி அழுகையை நிறுத்தியதாகச் சொன்னார்.

இந்தக் கதையை எடுத்து, துயரப்படுபவர்களிடம் அழாதே, மறந்துவிடு என்று சொல்லப் பயன்படுத்துபவர்கள் உண்டு. சுவாங்ட்சு பேசியது தன் மனைவியைப் பற்றி, தன் அழுகையைப் பற்றி. அடுத்தவரின் கண்ணீர் எப்போது நிற்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கு ஒரு பிரேதமும் ஒரு விடைபெறலும் இருந்தன என்பதையும் மறந்துவிடக்கூடாது.

இரண்டாவது மரணம் ஹுய் ஷியுடையது. நண்பரின் கல்லறையைக் கடந்து போகும்போது கூட வந்தவர்களுக்கு ஒரு கதை சொன்னார். ஒருவரின் மூக்கு நுனியில் ஈயின் இறகளவு மெல்லிய சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். தச்சர் காற்றெழக் கோடரியை வீசி, மூக்கில் படாமல் அதைச் செதுக்குவார். அசையாமல் நிற்பார் மற்றவர். பின்னர் ஒரு மன்னர் அதைச் செய்துகாட்டும்படி தச்சரைக் கேட்டார். முன்பு முடிந்தது, எதிரே நிற்பவர் செத்துப் பல காலமாகிறது என்றார் தச்சர். இனி எனக்குப் பேச ஆளில்லை என்று சுவாங்ட்சு முடித்தார்.

மூன்றாவது மரணம் அவருடையது. மாணவர்கள் சிறப்பாக அடக்கம் செய்ய விரும்பினார்கள். வானமும் நிலமும் என் சவப்பெட்டி, சூரியனும் சந்திரனும் நட்சத்திரங்களும் அலங்காரம், இன்னும் என்ன வேண்டும் என்றார். காகமும் பருந்தும் தின்றுவிடும் என்று அவர்கள் பயந்தார்கள். மேலே விட்டால் அவை தின்னும், கீழே புதைத்தால் எறும்பு தின்னும், ஒன்றிடம் பறித்து மற்றதற்குக் கொடுப்பது என்ன நியாயம் என்று கேட்டார்.

மிஞ்சிய நூல்

கி.மு. 286 இல் சீ நாடு சோங்கை விழுங்கியது. கி.மு. 260 இல் சாங்பிங்கில் சரணடைந்த 400,000 படையினரைச் சின் படை கொன்றதாக சீமா சியென் பதிவு செய்திருக்கிறார். கி.மு. 221 இல் சின் எல்லா நாடுகளையும் வென்று ஒரே பேரரசாக்கியது. கி.மு. 213 இல் நூல்களை எரிக்கக் கட்டளை பிறந்தது. அந்தப் பேரரசும் அடுத்த சில ஆண்டுகளில் சரிந்தது.

சுவாங்ட்சுவின் நூல் தப்பியது. முன்பு 52 அத்தியாயங்கள் இருந்த அதை, கி.பி. 312 இல் இறந்த குவோ சியாங் 33 ஆகத் தொகுத்தார். இன்று நாம் படிப்பது அதைத்தான். அவற்றில் முதல் ஏழு சுவாங்ட்சுவுக்கு மிக நெருக்கமானவை என்று கருதப்படுகின்றன. சீனத்துச் சான் பௌத்தமும் அதன் வழியே ஜப்பானியச் சென் மரபும் அவரிடம் நிறையப் பெற்றன. பதவியை மறுத்த அவருக்கு, கி.பி. 742 இல் தாங் பேரரசர் ஒருவர் அரச பட்டம் கொடுத்து நூலையும் புனித நூலாக்கினார். பேழைக்குள் வைக்கப்பட்ட ஆமையின் கதை அந்த அரண்மனையில் யாருக்கும் நினைவு வந்ததா என்று கேட்கத் தோன்றுகிறது.

அவர்மீது விமர்சனங்களும் உண்டு. அடுத்த தலைமுறைச் சிந்தனையாளரான சுன்சி, இயற்கையையே பார்த்துக்கொண்டிருந்து மனிதரைக் காண மறந்தவர் என்று அவரைக் குறை சொன்னார். அதில் நியாயம் இருக்கிறது. விலகி நிற்பதற்கு ஓர் ஆற்றங்கரையாவது வேண்டும். எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை. போரை நிறுத்த ஹுய் ஷியைப் போல எவராவது அரசவைக்குள்ளும் போகத்தான் வேண்டும். எனினும் பாதமிழந்தவர்களையும் கூனரையும் தெருவோர மண்டையோட்டையும் உட்காரவைத்துப் பேசவிட்ட ஒருவரை, மனிதரைக் காணாதவர் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதிய சீமா சியென், கி.மு. 99 இல் எதிரியிடம் சரணடைந்த ஒரு தளபதிக்காக அரசவையில் பேசியவர். அதற்குத் தண்டனையாகப் பேரரசர் அவரை ஆண்மை நீக்கம் செய்வித்தார். உயிரை விடுவதே மானம் என்று கருதப்பட்ட நிலையில், தொடங்கிய வரலாற்றை முடிப்பதற்காக அவர் அந்த உடலோடு வாழத் தீர்மானித்தார். அரசால் சிதைக்கப்பட்ட ஒருவர்தான் மெங் ஊரின் சிறிய உத்தியோகத்தரை மறதியில் இருந்து மீட்டிருக்கிறார். மன்னர்களாலும் பிரபுக்களாலும் சுவாங்ட்சுவைத் தமது கருவியாக்க முடியவில்லை என்பது அந்தச் சிறு குறிப்பில் அவர் எழுதிய தீர்ப்பு.